டிவியில் வந்த மகள்

மார்ச் 4, செவ்வாய்

ஐஸ் பெட்டியில் தாய்ப்பாலைக் கொண்டுபோய் வார்டு வாசலில் கொடுத்துவிட்டு வந்தேன். உள்ளே விடவில்லை. எனக்கும் மனைவிக்கும் சளிக்காய்ச்சல். இருமல் நிற்கும்வரை குறைமாதக் குழந்தைகள் பக்கம் போகக்கூடாது. நர்ஸ் ஒரு லிங்க் அனுப்பியிருக்கிறார். சாயங்காலம் கொஞ்ச நேரம் கேமராவைக் குழந்தைப் பக்கம் திருப்புவாராம். லேப்டாப்பில் பார்க்கலாமாம்.

பார்த்தோம். ஒரு குழாய், ஒரு குல்லா, நடுவில் எங்கள் மகள். மனைவி லேப்டாப்பை மூடிவிட்டாள்.

"உள்ளங்கை அளவுதான் தெரியுறா. பயமா இருக்குங்க. இனிமே நீங்களே பாருங்க."

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மார்ச் 5, புதன்

டிவியில் பெரிதாகக் காட்டினால்? கட்டிலுக்கு எதிரேதானே இருக்கிறது. வயர் சொருகும் துளை லேப்டாப்பில் எப்போதோ உடைந்துவிட்டது. வயரில்லாமல் அனுப்பப் பார்த்தேன். லேப்டாப் தேடு தேடென்று தேடியது. இந்த வீட்டில் டிவி என்று ஒன்று இருப்பதையே அது ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டையும் அணைத்துப் போட்டேன். ம்ஹும்.

"நின்னுபோன லிஃப்டையெல்லாம் கிளப்பிட்டு வர்றீங்க. இது மட்டும் மசியலையா?" என்றாள் படுத்தபடியே. பிரசவத்துக்குப் பிறகு முதல் கேலி. இந்த டிவி இன்னும் கொஞ்சம் முரண்டு பிடித்தாலும் பரவாயில்லை.

மார்ச் 6, வியாழன்

இரண்டும் ஒரே வைஃபையில் இருக்கிறதா என்று மச்சினன் போனில் கேட்டான். போன வருஷம் எங்கள் இணைப்பு படுத்துக்கொண்டபோது மாடிவீட்டு அக்கா தன்னுடையதைக் கொடுத்திருந்தார். டிவி இன்னும் அவர் வீட்டு உப்பைத்தான் தின்றுகொண்டிருக்கிறது. மாற்றினேன். லேப்டாப்பில் டிவியின் பெயர் வந்தது. அழுத்தினால் வட்டம் சுற்றிச் சுற்றி, இணைக்க முடியவில்லை என்கிறது.

என்னடா இது. எதிர்ல இருக்கு, தெரியுது — தொட முடியலை.

குழந்தைக்கு எடை இன்னும் ஏறவில்லையாம். மனைவியிடம் சொல்லவில்லை.

மார்ச் 7, வெள்ளி

லேப்டாப் நம் வீட்டு வைஃபையைப் 'பொது இடம்' என்று குறித்து வைத்திருக்கிறது! ரயில் நிலையத்தில் பையை இறுக்கிக்கொள்வதுபோல் எல்லாவற்றையும் பொத்திக்கொண்டிருந்தது. 'சொந்த இடம்' என்று மாற்றினேன். அவ்வளவுதான்.

சாயங்காலம் டிவி முழுக்க மகள். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இவள் இந்தப் பக்கம் ஒருக்களித்தாள்.

"நகமெல்லாம் இருக்குங்க அவளுக்கு."

குழந்தை கொட்டாவி விட்டது.

"உங்களை மாதிரியே. ஊரே உள்ள போயிடும்."

ரிமோட்டைத் தேடுவதுபோல் கீழே குனிந்துகொண்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

படம் விக்கி விக்கி வந்தது. வைஃபை பெட்டியை அலமாரிக்குப் பின்னாலிருந்து எடுத்து வெளியே வைத்தேன், சரியாகிவிட்டது. இவள் டிவியோடு பேசுகிறாள். தட்டில் இன்று மிச்சம் வைக்கவில்லை.

மார்ச் 12, புதன்

எடை ஏறியிருக்கிறது. ஓடிவந்து சொன்னேன். "தெரியுமே, கன்னம் வந்திருக்கு" என்றாள்.

மார்ச் 15, சனி

இருமல் நின்றது. நாளை இருவரையும் உள்ளே விடுகிறார்கள். புடவையை மடித்து வைத்துக்கொண்டே கேட்டாள்.

"நேர்ல சின்னதாத்தான் இருப்பா, இல்ல?"

"ஆமா."

"இருக்கட்டும். முகம் தெரியும் எனக்கு."

ஏப்ரல் 20, ஞாயிறு

என்ன தொண்டை! இவள் குளிக்கப் போயிருக்கிறாள், நான்தான் தூக்க வேண்டும். தோ, வந்துட்டேன் கண்ணு —