பின்பக்கமாக நடந்த அண்ணைக்கு

என்ரை செல்ல அண்ணை,

உங்களுக்குப் புதினம் கேட்பதென்றால் சோறும் வேண்டாம். ஒன்று வைத்திருக்கிறேன், கேளுங்கள்.

என்னோடு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிற எசினாம் கானா நாட்டுக்காரி, எவே இனத்தவள். முன்னோரின் வீரத்தைக் கொண்டாடுகிற தங்கள் விழாவுக்கு என்னைக் கூப்பிட்டாள். வாளும் ஈட்டியும் பார்க்கலாம் என்ற நினைப்பில் போனேன். அஜின்கோர்ட்டிலிருந்து மிசிசாகாவுக்குக் கார் ஓட்டியது உங்கள் மகள் ஷரோன். உங்களைப் போலவே ஓட்டம். ஹைவே முழுக்கச் செபமாலையை விடவில்லை நான்.

மண்டப வாசலில் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இலைகளும் வைத்து, வந்தவர்கள் மேல் தெளித்தார்கள். எங்கள் கோயிலில் தீர்த்தம் தெளிக்கிற மாதிரித்தான். இது எதற்கு என்று கேட்டேன். விழாவுக்கு முன்னம் கோபக்காரர் எல்லாரும் சமாதானமாகிவிட வேண்டுமாம், பிறகுதான் மேளமாம். உனக்கு யாரோடாவது கோபதாபம் இருக்கிறதா என்று எசினாம் கேட்டாள். "சீச்சீ, இல்லை" என்றேன். ஷரோன் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அவளும் அன்று இருந்தவள்தானே. என் மகனின் பிறந்தநாளில் நீங்கள் அவனுக்குத் துணிவைப் பற்றிப் புத்தி சொன்னீர்கள். எனக்கு என்ன பிடித்ததோ, "வீரம் கதைக்காதேங்கோ அண்ணை, நீங்கள் நாட்டை விட்டு ஓடி வந்த ஆள்தானே" என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டேன். நீங்கள் கேக்கை முடித்துவிட்டு எழும்பிப் போனீர்கள். அதன்பிறகு நாங்கள் கதைத்ததெல்லாம் குளிரையும் மழையையும் பற்றித்தான். மூன்று மாதத்தில் உங்கள் இதயம் நின்றுவிட்டது.

மேளம் தொடங்கியது. ஆடியவர்கள் பின்பக்கமாகவே நகர்ந்தார்கள்.

"மாமி, வெயிட், ஏன் எல்லாரும் பேக்வேர்ட்ஸ் போகினம்?" என்றாள் ஷரோன்.

எசினாம் கதையைச் சொன்னாள். அவர்களுடைய சனம் ஒரு கொடிய அரசனின் மதிலுக்குள் அடைபட்டிருந்ததாம். பெண்கள் கழுவின தண்ணீரையெல்லாம் ஒரே இடத்தில் ஊற்றி ஊற்றி மண்மதிலை இளக்கினார்களாம். அதை உடைத்துக்கொண்டு வெளியேறும்போது பின்பக்கமாக நடந்தார்களாம். துரத்துகிறவனுக்குக் காலடிகள் உள்ளே போவது போலத் தெரிய வேண்டுமே! ஓடி வந்ததற்கா விழா என்று கேட்டேன். அவர்கள் தப்பியிராவிட்டால் நான் ஏது என்று சிரித்தாள்.

அண்ணை, எனக்கு அந்த நேரம் மன்னார்க் கடற்கரை ஞாபகத்துக்கு வந்தது. சண்டைக்குத் தப்பிப் படகுக்குப் போகும்போது அம்மாவையும் என்னையும் முன்னால் விட்டுவிட்டு, நீங்கள் பனையோலையால் எங்கள் காலடிகளை அழித்தபடி பின்பக்கமாகவே வந்தீர்கள். எனக்கு ஒன்பது வயது. "அண்ணை நண்டு!" என்று சிரித்தேன். "வாயை மூடடி" என்றீர்கள். ஓலை பிடித்த கை நடுங்கியது.

அதை யார் உங்களுக்குச் சொல்லித் தந்தது? ஆரும் துரத்தி வந்தால் முதலில் அகப்படுவது நீங்கள்தான் என்று தெரிந்தா கடைசியில் நின்றீர்கள்? ஏன் ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை? அன்று பிறந்தநாள் மேசையிலாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணை. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

காருக்குள் ஏறியதும் ஷரோனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் காரை எடுக்கவில்லை.

"அப்பா இதைச் சொல்லவே இல்லையே. அவருக்குப் பயமே இல்லையோ மாமி?"

"சரியான பயம். கை நடுங்கினது. ஆனா கடைசியாத்தான் வந்தவர்."

ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதாள். நானும்தான்.

உங்கள் நினைவுப் பூசை முடிந்து சாப்பாட்டுக்கு, அன்று மேசையில் இருந்த அத்தனை பேரும் வருவார்கள். கறி பரிமாறுவதற்கு முன்னம் எழும்பி நின்று சொல்லுவேன்: அண்ணை ஓடி வரவில்லை, எங்களைக் கொண்டுவந்தவர், நான் சொன்னது பிழை. எனக்குக் கை நடுங்கும். நடுங்கட்டும்.

நீங்கள் முன்னால் நடக்கவிட்ட தங்கச்சி,
ஜெசி