எழுத்து வரும் முன்பே சிரித்த அக்காவுக்கு

அக்கா,

இன்று காலை சுவருக்கு அப்பாலிருந்து உங்கள் பேத்தி கொரிய மொழிப் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். கொரியாவில் ஒரு பேக்டரியில் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த வாரம் விமானம். அந்தக் குரல் காதில் விழுந்ததிலிருந்து எனக்குக் கைவேலை ஓடவில்லை.

நம் லான்மடா வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு கொரியத் தொடர் ஓடிய காலம். என் வீட்டு டிவி முன்னால் பாதித் தெரு உட்கார்ந்திருந்தது. திரையின் அடியில் வசனத்தின் பர்மிய எழுத்து வருவதற்கு முன்பே நீங்கள் சிரித்துவிட்டீர்கள். உங்களை ஷான் மலைக்காரி என்றே தெருவில் எல்லோரும் நினைத்திருந்தோம். எல்லோரும் போன பிறகு, "ஷான் பொம்பளைக்கு இந்தப் பாஷை எப்படிப் புரியுது?" என்று கேலியாகத்தான் கேட்டேன்.

எங்கள் ஆட்களிடம் காய் விற்றே கற்றுக்கொண்ட தமிழில் சொன்னீர்கள்: "நான் ஷான் இல்லே. கொரியாக்காரி. பதினேழு வயசு. பேக்டரி வேலைன்னு சொல்லி ஜப்பான்காரன் கப்பல்லே ஏத்தினான்."

பேக்டரி இல்லை, சிப்பாய்கள் வரிசையில் நின்ற வீடு. ஜப்பான் சண்டை முடிந்தும், எந்த முகத்தோடு ஊர் திரும்புவது என்று இங்கேயே ஒரு பர்மியரைக் கட்டிக்கொண்டு, பர்மியப் பெயருக்குள் இருந்துவிட்டீர்கள். எங்கள் ஆட்களும் கப்பலில் வந்தவர்கள்தான். ஆனாலும் இப்படி ஒரு கப்பலை நான் கேள்விப்பட்டதில்லை.

கடைசியாகப் படுத்திருந்தபோது என் கையைப் பிடித்தீர்கள். "மகன் சொல்ல மாட்டான். பேத்திக்கு நீ சொல்லு. வெக்கப்பட வேண்டியது நானில்லே."

சொல்கிறேன் என்றேன். நீங்கள் போய் மூன்று வருடமாகியும் சொல்லவில்லை. "வேண்டாம், டோ மேரி. குடும்ப மானம் போயிடும்" என்று உங்கள் மகன் என்னை மரியாதையாக டோ போட்டு அழைத்து மாடிப்படியில் கெஞ்சும்போதெல்லாம் கோழைபோலத் தலையாட்டினேன். அதை நினைத்தால் என்மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

இன்று ஆட்டவில்லை. உங்கள் ஊருக்கே போகிறவள் அதை அந்நிய நாடு என்று நினைத்துக்கொண்டு போகக் கூடாது. கதவைத் தட்டினேன். மகனையும் உட்காரவைத்துக்கொண்டு ஒன்று விடாமல் சொன்னேன். அவன் பாதியிலேயே எழுந்து போனான். இனி என்னோடு பேச மாட்டான், பேசாவிட்டால் போகட்டும்.

அவள் வெகுநேரம் அழுதாள். பிறகு பாட்டியின் உண்மையான பெயர் என்ன என்று கேட்டாள். நீங்கள் எனக்கு ஒரே ஒரு முறை சொன்ன பெயர். என் நாக்கில் தடுமாறித்தான் வந்தது. அவள் தான் படித்த கொரியத்தில் அதைத் திருத்திச் சொல்லி, எனக்கும் சொல்லிக்கொடுத்தாள்.

அக்கா, இப்போது எனக்கு உங்கள் பெயர் சரியாக வருகிறது. யார் கேட்டாலும் சொல்வேன்.