கையுறைக்குப் பக்கத்து வீடு

ஸ்வென்போர்க்,
நவம்பர், ஞாயிறு

அன்பு மகள் தோராவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்றால் நீ நம்பமாட்டாய், ஓரளவு நலம். மழை விட்டபாடில்லை. அப்பா கறுப்பு ரொட்டியை முகம் சுளிக்காமல் சாப்பிடுகிறார்.

"பெத்த பொண்ணையே 'கையுறை'ன்னு கூப்பிடுறார். அவருக்கு யாரையும் தெரியலைம்மா, கிறிஸ்துமஸுக்குள்ள முதியோர் இல்லத்துல சேர்த்துடலாம்" என்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. அதற்கு முன் நீ இங்கே வந்து அவரைப் பார்த்துவிட்டு, அழுதுகொண்டே பெர்கனில் உன் வீட்டுக்குத் திரும்பிய காட்சியும் கண்ணிலேயே நிற்கிறது.

நானும் அப்பாவும் நூலகத்தில் வேலை பார்த்த காலத்துச் சண்டை உனக்குத் தெரியும். அவருக்கு அறிவு என்றால் மரம். வேர், அடிமரம், கிளை. எனக்கு அது தெரு. யார் பக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்பதுதான் முக்கியம். "உன் தெருவுக்குக் குப்பை வண்டிகூட வராது, எலினோர்" என்று கேலி செய்வார். பக்கவாதம் வந்து அவர் மரத்தைச் சாய்த்துவிட்டது, பாவம்.

நேற்று சாப்பிடும்போது "கடல், கடல்" என்று கை நீட்டினார். உப்பைக் கொடுத்தேன். சிரித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு புத்தகம் அதன் இடத்தில் இல்லையென்றால் உடனே தொலைந்தது என்று எழுதமாட்டோம். இடப்பக்கம், வலப்பக்கம், மேல்தட்டு, கீழ்த்தட்டு என்று தேடுவோம். பெரும்பாலும் யாராவது பக்கத்திலேயே செருகியிருப்பார்கள். அப்பாவின் சொற்களும் அப்படித்தான், தொலையவில்லை, பக்கத்து இடத்தில் இருக்கின்றன. காலமெல்லாம் அந்த வேலை பார்த்தவளுக்கு இது இத்தனை நாள் தோன்றவில்லையே!

என்னைக் "கப்பல்" என்கிறார். ஏரோ தீவுக்குப் போகும் கப்பலில்தானே என்னை முதலில் பார்த்தார்? நீ சின்ன வயதில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஒரு கையுறையைத் தொலைத்துவிட்டு வந்து நிற்பாய். நான் திட்டுவேன். அவர் உன் வெறுங்கையைத் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு நடப்பார். தோரா, அவர் உன்னை மறக்கவில்லை. உன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறார்.

இல்லத்துக்கு இப்போது எழுதாதே. எனக்கும் முடியவில்லைதான், அவரைத் தூக்கி உட்காரவைப்பதற்குள் முதுகு விட்டுப்போகிறது. ஆனாலும் காலையில் கண் விழித்ததும் "கப்பல் வந்துருச்சா?" என்று கேட்கிறவரை நான் எங்கே கொண்டுபோய் விடுவேன்?

இன்னும் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு முடிவு செய். கடவுள் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். வரும்போது ஒரு கைக்கு மட்டும் கையுறை போட்டுக்கொண்டு வா, கண்ணே.

வாசலைப் பார்த்தபடி,
உன் அம்மா எலினோர்