நெஞ்சில் ஒட்டிய பெட்டி

அன்பு மகளுக்கு,

அப்பாவின் ஆசிகள். நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்ற நினைப்போடு எழுதுகிறேன். போனிலேயே பேசலாம்தான். ஆனால் உன் அம்மா பக்கத்தில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள். எனக்குச் சந்தேகமே அவள்மேல்தான்.

போன மாதம் லிப்ட் பழுது பார்க்கப் போன இடத்தில், மோட்டார் அறையில் உட்கார்ந்தவனால் எழ முடியவில்லை. நெஞ்சை யாரோ அழுத்திப் பிடித்த மாதிரி இருந்தது. இதய டாக்டர் எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு, அடைப்பு ஒன்றும் இல்லை என்றார். அப்புறம் எதற்கு நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, துடிப்பைப் பதிவு செய்யும் ஒரு சின்னப் பெட்டியையும் மாட்டி அனுப்பினார்? அது பேச்சையும் பதிவு செய்யுமோ என்று நாள் முழுக்க வாயே திறக்கவில்லை. "பெட்டி இல்லாத நாள்லயும் இப்படித்தானே இருக்கீங்க" என்றாள் உன் அம்மா.

மறுநாள் உன் அம்மாவோடு போனபோது, டாக்டர் பெட்டியைக் கழற்றிப் பார்த்துவிட்டு விளக்கினார். மூளை சொல்வதைக் கேட்டு இதயம் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் துடிக்குமாம். இதயமும் தன் பங்குக்கு மூளைக்குச் சேதி அனுப்புமாம். மனச்சோர்வு வந்தால் சிலருக்கு இந்தப் போக்குவரத்து மந்தமாகிவிடுமாம். எனக்குத் துடிப்பு ஒரே சீராக ஓடுகிறது என்றார் டாக்டர். சீராக ஓடினால் நல்லதுதானே என்றேன். "ரொம்பச் சீரா இருந்தாலும் யோசிக்கணும்" என்றார். மழுப்புகிறார் என்று நினைத்தேன். அடுத்துதான் கேட்டார்: "தனியா இருக்கும்போது அழுறீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உன் அம்மாவோ கைப்பை ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் அவளைப் பிடித்துக்கொண்டேன். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுத்தானே அழுகிறேன், அது அவருக்கு எப்படித் தெரியும், நீதானே போட்டுக்கொடுத்தாய் என்றேன். அவள் என்னையே பார்த்தாள். "குழாயைத் திறந்துவிட்டு அழுவீங்களா? எனக்கு இப்பத்தான் தெரியும்" என்றாள். இறங்கவேண்டிய நிறுத்தம் போனதுகூடத் தெரியவில்லை. நடந்தே திரும்பினோம். வழியெல்லாம் என் சட்டைக் கையை அவள் விடவில்லை.

இப்போது மனநல டாக்டரிடமும் போகிறேன். மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும் என்கிறார். முழுசாக நம்பவில்லை, ஆனாலும் விழுங்குகிறேன். நேற்று பசித்தது. நானாகவே தட்டை எடுத்து வைத்தேன். இந்தத் தடவை உன் அம்மாதான் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். போனில் நீ 'எப்படிப்பா இருக்கே' என்கிறாய். நான் 'நல்லாயிருக்கேன்' என்கிறேன். நீயும் வைத்துவிடுகிறாய். இனிமேல் நான் அப்படிச் சொன்னால், உடனே நம்பிவிடாதேம்மா.

மனம் குளிர நீ நன்றாயிரு.

உன்
அப்பா