கூறைச் சீலையும் வெறுங்காலும்

மச்சாள்,

நேற்று லாங்கன்தாலில் உன் மகளின் கலியாணம். நீ உள்ளே ஓடித் திரிந்ததில் கவனித்திருக்கமாட்டாய், மண்டப வாசலில் வேலிச்செடியை யாரோ புதிதாக வெட்டிவிட்டிருந்தார்கள். சின்னச் சின்ன இலையோடு, பூனை மூத்திரம் மாதிரி ஒரு நெடி அடிக்குமே, அதே செடிதான். எல்லாரும் மூக்கைச் சுளித்துக்கொண்டு சப்பாத்தைக் கழற்றினார்கள். எனக்கோ சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. அந்த நெடிக்குள்ளால் நீ நடந்துபோன நடை அப்படியே முன்னால் வந்து நின்றது.

எண்பதுகளில் இந்தச் சுவிஸில், பீல் நகரத்தில் உனக்கும் என் அண்ணாவுக்கும் நடந்ததைக் கலியாணம் என்று சொல்லக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். தை மாதப் பனி. பதிவு அலுவலகப் படியில், கூறைச் சீலைக்கு மேல் என் குளிர் அங்கியும் கீழே பெரிய பனிச் சப்பாத்துமாக நின்றாய். தோழியாக நின்றதும் நான், படம் எடுத்ததும் நான். அறைக்கு வந்து சாமிப் படத்துக்கு முன்னால் அண்ணா தாலி கட்டி உன் கால் விரலில் மெட்டி போட்டபோது கமராவில் ஃபிலிம் முடிந்துவிட்டது. ஊருக்குப் போனது அந்தச் சப்பாத்துப் படம் மட்டும்தான்.

உன் அம்மா அதை அலுமாரிக்குள் ஒளித்து வைத்துவிட்டாராம். "சப்பாத்துக் காலோடை நிக்கிறதை எப்பிடி நான் கலியாணமெண்டு ஆக்களுக்குக் காட்டுறது?" என்று கேட்டாராம். ஊரிலிருந்து வந்தவர் இதைச் சொன்னபோது நீ அழவில்லை. கோப்பைச் சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு, அம்மா சுவரில் கொழுவுகிற மாதிரி ஒரு படம் எடுத்தே தீருவேன் என்றாய். ஊருக்குப் போகவும் முடியாது, கலியாணத்தைத் திரும்பச் செய்யவும் முடியாது. உன் பிடிவாதம் எனக்கு விசராகத்தான் பட்டது.

பிறகு அந்த ஆனி மாதம் வந்தது. நாம் இருவரும் வேலை செய்த மணிக்கூட்டுத் தொழிற்சாலையின் சுற்றுலா, குடும்பத்தையும் கூட்டி வரலாம், எல்லை கடந்து ஜெர்மனியில் ஒரு பழைய ராசாவின் அரண்மனைக்கு. மற்றவர்கள் காற்சட்டையும் தொப்பியுமாக பஸ்ஸில் ஏற, நீ கூறைச் சீலையில் ஏறினாய். அண்ணா உன்னை ஜன்னலோரம் இருக்க விடவில்லை. அகதிகளுக்கான பயணப் பத்திரம் அப்போதுதான் கைக்கு வந்திருந்தது. எல்லையில் வீணாக ஒருவர் கண்ணிலும் படக்கூடாது என்பது அவருடைய கொள்கை. காவலர் ஏறிவந்து பத்திரத்தையும் சீலையையும் மாறி மாறிப் பார்த்தார், முத்திரை குத்தினார், இறங்கிப் போனார். அண்ணா ஒரு போத்தல் தண்ணீரை மூச்சு விடாமல் குடித்தார்.

அரண்மனை மஞ்சள் சுவரும் பொன் வேலையுமாகக் கண்ணுக்கெட்டிய தூரம் நீண்டு கிடந்தது. கூரை விளிம்பில் கல்லில் செதுக்கிய ஆட்கள் வரிசையாக நின்று எட்டிப் பார்த்தார்கள். நாம் மூவரும்தான் முதலில் வாசலுக்கு ஓடினோம். அங்கே ஒரு பெரிய பெட்டி நிறையச் சாம்பல் நிறக் கம்பளிச் செருப்புகள். பரவாயில்லையே, வெள்ளைக்காரரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள் என்று உனக்கு ஒரே புளுகம், முகமெல்லாம் சிரிப்பு. மூன்று சோடிச் சப்பாத்தையும் தூணோரம் கோயிலில் வைப்பதுபோல அடுக்கிவிட்டு, நீயும் நானும் வெறுங்காலையும் அண்ணா காலுறைக் காலையும் செருப்புக்குள் விட்டோம். அதைச் சப்பாத்துக்கு மேலே மாட்ட வேண்டும், தரை கீறுப்படாமல் இருப்பதற்காக வைத்தது என்பது மற்றவர்களைப் பார்த்த பிறகே விளங்கியது. அதற்குள் வழிகாட்டி எங்களை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டார்.

மினுங்குகிற மரத்தரையில் நீ நடக்கவில்லை, வழுக்கிக்கொண்டு போனாய். ஆளுயரக் கண்ணாடி ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புக் கூறை போனது. இத்தனை அறையையும் அந்தக் காலத்தில் யார் கூட்டியிருப்பார்கள் என்று வழிகாட்டியிடம் கேட்கச் சொல்லி என்னை இடித்துக்கொண்டே வந்தாய்.

வெளியேறும் கதவு மறுபக்கம், தோட்டத்துக்குள் திறந்தது. செருப்பை வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டார்கள். எங்கள் சப்பாத்துகளோ அந்தப் பெரிய மாளிகைக்கு அந்தப் பக்கம். தொழிற்சாலைச் சனம் முழுக்க எங்கள் காலைப் பார்த்தது. வெட்கத்தில் சிவந்துபோன அண்ணா, "நில்லுங்கோ, நான் ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வாறன்" என்றார்.

நீ குனிந்து உன் காலைப் பார்த்தாய். மெட்டி வெயிலில் மின்னியது.

"ஒருத்தரும் ஓட வேண்டாம். நீங்களும் காலுறையைக் கழட்டுங்கோ" என்றாய். பிறகு என் பக்கம் திரும்பி, "மச்சாள், கமராவை எடு."

அண்ணாவின் கையைப் பிடித்துக்கொண்டு, பூனை மூத்திர நெடி அடித்த, புதிதாகக் கத்தரித்த வேலிச்செடிகளுக்கு நடுவே, நீர்த்தாரை வரைக்கும் போகிற சல்லிக்கல் பாதையில் இறங்கினாய். கல் குத்தியிருக்கும். முகத்தில் காட்டவே இல்லை. எங்களோடு வந்தவர்கள் தாமாகவே இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றார்கள். எங்கள் பகுதி மேற்பார்வைக்காரி, சிரித்தறியாத மனுஷி, என்ன விசேஷம் என்று கேட்டாள். இன்றைக்குத்தான் எனக்குக் கலியாணம் என்று உன் உடைந்த ஜெர்மனில் சொன்னாய். அவள் கைதட்டத் தொடங்க, எல்லாரும் தட்டினார்கள். ராசா இல்லாத அந்த வீட்டுக்கு அன்றைக்கு நீதான் ராணி. உன்னை நினைத்து அவ்வளவு பெருமையாக இருந்தது எனக்கு.

இந்த முறை படத்தில் கால் விடுபடக்கூடாது என்ற பயத்தில் கமராவைக் கீழே தாழ்த்திவிட்டேன். படம் கழுவி வந்தபோது அரண்மனைக்குக் கூரையே இல்லை, கல் ஆட்கள் ஒருவரும் இல்லை. உன் இரண்டு காலும் மெட்டியோடு முழுதாக இருந்தன. அதை உன் அம்மா கண்ணாடி போட்டு முன் அறைச் சுவரில் கொழுவினார். பார்த்தவர்கள் இது எந்த இடம் என்று கேட்டால், "என்ரை பிள்ளை கலியாணம் செய்த மண்டபம்" என்று சொன்னாராம்.

நேற்று உன் மகளும் வெறுங்காலோடு நின்றாள். மருமகன் போட்டது உன் மெட்டி. இங்கேயே பிறந்து வளர்ந்த படப்பிடிப்புக்காரப் பெடியன் பின்னால் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான். "அன்ரி, மேலை இருக்கிற சோடினை முழுக்க வரவேணுமெண்டால் கால் வராது. பரவாயில்லையோ?"

"மண்டபம் போகட்டும் தம்பி," என்றேன். "கால் வரவேணும்."