கஞ்சி ஊற்றிய ஊர்

ஜூன் 9

போர்த்தடத்தின் திறப்பு விழா முடிந்தது. கயத்தாறு பக்கம் தொடங்கி முக்கூடல் ஆற்றங்கரை வரை, பாளையக்காரர் சண்டை நடந்த இடங்களை இணைத்து ஒரு பாதை. இடத்துக்கு ஒரு பலகை. வாசகமெல்லாம் என்னுடையது. மேடையில் "பேராசிரியர் அனுராதா" என்று சொன்னபோது கழுத்து தானாக நிமிர்ந்தது. இத்தனை வருடம் கல்லூரியில் வரலாறு நடத்திக் கிடைக்காத கைதட்டல்.

தடத்தின் பொறுப்பு அதிகாரி பாலசுப்பிரமணியன், "வாகைத்துறை போர்டுதான் மேடம் டாப்பு" என்றார். தலைப்பு நான் வைத்தது: துரோகத் தோப்பு. வெள்ளைக்காரக் கும்பினிப் பட்டாளத்துக்கு ஊரே கஞ்சி ஊற்றிய இடம். அடியில் 'வாய்மொழித் தகவல்: திரு. கொம்பையா, கீழப்பொட்டல்' என்று போட்டிருக்கிறேன். தகவல் சொன்னவருக்கு அதுதானே மரியாதை?

ஜூன் 21

யாரோ ஒரு பையன் அந்தப் பலகைக்கு முன் நின்று வீடியோ போட்டிருக்கிறான். கமெண்டில் வாகைத்துறைக்காரர்களுக்கு ஒரே வசவு. எப்போதோ நடந்ததற்கு இன்றைக்கு இவ்வளவு கோபமா! சிரிப்பு வந்தது.

ஜூலை 2

கொம்பையா கல்லூரி வாசலுக்கே வந்துவிட்டார். வாழைத்தார் வியாபாரி, வாய் ஓயாத மனிதர்.

அவருடைய தங்கை வாழ்க்கைப்பட்டிருப்பது வாகைத்துறையில். தங்கை மகளுக்கு ஆவணியில் கல்யாணம். தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டாமென்று தங்கை கணவர் நெல்லையப்பன் ஆள் அனுப்பிவிட்டாராம்.

"ஊரே அவர மறிச்சுக் கேக்காம் மேடம். 'ஒம் மச்சான் பேரு போர்டுல கெடக்கே, நம்மள துரோகின்னவன் கையாலயா ஒம் மவளுக்கு மால?'ன்னு."

"நீங்க சொன்னதுதானே" என்றேன். இந்த வாயை என்ன செய்ய?

"சொன்னேன். தங்கச்சி மாப்ளைய பக்கத்துல வச்சுக்கிட்டுதான சொன்னேன்? நாங்க மச்சான் மாப்ள, கேலி பேச எங்களுக்கு முறை இருக்கு. ஒங்களுக்கு என்ன முறை?"

டீ குடிக்கிறீர்களா என்று கேட்டேன். வேண்டாமென்று போய்விட்டார்.

ஜூலை 3

பலகை வாசகத்துக்காக முக்கூடல் டீக்கடையில் இருவரையும் வைத்துப் பதிந்ததை மறுபடி போட்டுக் கேட்டேன்.

கொம்பையா: "இவுக ஊரு வெள்ளக்காரன் பட்டாளத்துக்குக் கஞ்சி ஊத்துன ஊருல்லா!"

நெல்லையப்பன்: "ஊத்துனோம் மச்சான்! தோப்புல குண்டடி பட்டுக் கெடந்தவனுக்கு ஊத்தாம? சண்டைக்குப் போறேன்னு போன ஒம்ம பாட்டன், ஓடி வந்து அதே பந்தில உக்காந்து ரெண்டாந்தரம் கேட்டாரே வே!"

பிறகு சிரிப்பு. கடை முழுக்கச் சிரிப்பு. அதில் ஒரு குரல் என்னுடையது.

எழுதும்போது சிரிப்பை விட்டுவிட்டேன். குண்டடி பட்டுக் கிடந்தவனையும் விட்டுவிட்டேன். தெரியாமலா? இல்லை. அடிபட்டவனுக்குக் கஞ்சி கொடுத்த ஊர் என்றால் யார் வண்டியை நிறுத்துவார்கள்? துரோகம் என்றால் நிறுத்துவார்கள்.

சீ. இதெல்லாம் ஒரு படிப்பு!

ஜூலை 5

பாலசுப்பிரமணியனைப் பார்த்தேன். "அந்த போர்டுகிட்டதான் மேடம் ஜனங்க எறங்கி நிக்காங்க. எடுக்கணும்னா, தப்புன்னு நீங்க எழுதித் தரணும். உங்க பேர விருதுக்கு வேற அனுப்பியிருக்கோம். யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ஜூலை 19

இன்னும் எழுதித் தரவில்லை.

ஆகஸ்ட் 3

வாகைத்துறைக்குப் போனேன். நெல்லையப்பன் கத்துவார், நாலு வார்த்தை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். அவரோ நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "வாங்க மேடம். உக்காருங்க மேடம்." அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அவர் மனைவிதான் சொன்னாள். சம்பந்தி வீட்டில் யாரோ வீடியோவைக் காட்டி, "துரோகத் தோப்புப் பொண்ணா?" என்று கேட்டிருக்கிறார்கள். பெண் அன்றிலிருந்து வெளியே வரவில்லை. "எங்க அண்ணன் வந்து நிக்காம எம் மவளுக்குக் கல்யாணமா?" என்று முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டாள்.

எனக்கும் அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். அங்கே அழுவதற்கும் எனக்கு முறை கிடையாது.

ஆகஸ்ட் 4

எழுதிக் கொடுத்துவிட்டேன். 'உறவுக்காரர்களின் கேலிப் பேச்சை வரலாறாக எழுதியது என் தவறு.' ஒரே வரி. இதற்கா ஒரு மாதம் பிடித்தது?

விருது இனி இல்லை. அதற்கும் உள்ளே எங்கேயோ வலிக்கிறது என்பதையும் எழுதிவைக்கிறேன். வெட்கங்கெட்ட மனசு.

ஆகஸ்ட் 22

பலகையைக் கழற்றிவிட்டார்கள். தங்கை, கணவர் காலில் விழாத குறையாகக் கேட்டதில் நெல்லையப்பன் சம்மதித்துவிட்டாராம். கொம்பையா போனில், "சீர் போவுது மேடம்! நீங்களும் வரணும். வராம இருந்திராதீய" என்றார். அப்பாடா. எல்லாம் சரியாகிவிட்டது.

ஆகஸ்ட் 29

கல்யாணத்துக்குப் போய்வந்தேன். சீர்த்தட்டுகள் மேளத்தோடு வந்தன. கொம்பையா பெண்ணுக்கு மாலை போட்டார். அவள் மாமன் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

பந்தியில் எனக்குக் கொம்பையாவுக்குப் பக்கத்து இலை. நெல்லையப்பன் பந்தியைக் கவனித்துக்கொண்டே வந்தார். கொம்பையா வேண்டுமென்றே குரலை உயர்த்தி, "என்ன மாப்ள, ஒங்க ஊர்ல அப்பளத்த எண்ணித்தான் வைப்பீயளோ?" என்றார். எதிர்ப்பந்தியில் நாலைந்து பேர் சிரிக்கத் தயாராக நிமிர்ந்து பார்த்தார்கள்.

நெல்லையப்பன் உள்ளே போனார். ஒரு தட்டு அப்பளத்தைத் தானே எடுத்துவந்து, குனிந்து, இலையோரம் வைத்தார்.

"தப்பா நெனைக்காதீங்க அண்ணாச்சி. வேற என்ன வேணும்?"

அண்ணாச்சி. மச்சான் இல்லை. கடைக்காரரை, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரைக் கூப்பிடுவதுபோல.

கொம்பையா ஒன்றும் வேண்டாமென்று தலையாட்டினார். அந்த அப்பளத்தை அவர் தொடவில்லை. இருவரும் சாப்பிட்டு எழுந்தோம்.