கரோல் அம்மாவின் பாட்டுக்கு நான் வைத்த சந்தனம்

மந்தைவெளி,
புரட்டாசி 22

அன்பு மகள் ஷண்முகப்ரியாவுக்கு,

அம்மாவும் நானும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், கடலுக்கு அந்தப் பக்கம் நீயும் அப்படியே இருக்க முண்டகக்கண்ணி அம்மனைக் கேட்டுக்கொண்டு ஆரம்பிக்கிறேன். எழுதுவது கீழ் வீட்டுக் குருபிரசாத் சார், நான் சொல்வதைத் திருத்த மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறார். அம்மாவுக்கு முட்டி வலி தேவலை, மாடிப்படி மட்டும் ஆகவில்லை. போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் சொன்னால் நடுவில் நீ கத்துவாய், கடிதத்தில் அந்த வசதி கிடையாது. இதைக் கொண்டுவருவது நீ குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் கரோல் அம்மாவேதான், வியாழக்கிழமை பார்படோஸ் தீவில் இறங்குவார். அவர் வாயால் கேட்பதற்கு முன் என் வாயால் கேட்டுவிடு, அவருடைய பாட்டுத் தாள்களை நான் நாசமாக்கிவிட்டேன்.

மீன்பிடிக்கிறவர் மகள், உப்புக்காற்றில் கட்டை ஊறிப்போன சர்ச் பியானோவில் கற்றுக்கொண்டு லண்டன் வரை போய்ப் படித்தவர், பெரிய மேடைகளை விட்டுவிட்டு ஊருக்கே திரும்பி வந்து பாட்டு எழுதுகிறவர், கச்சேரிக்காக நம் வீட்டில் வந்து தங்குகிறார், பத்திரமாகப் பார்த்துக்கொள் என்று நீ சொன்னாய். நாற்பது வருஷம் பியானோ தூக்கியவனுக்கு இதைச் சொல்ல வேண்டுமா என்று நான் பீற்றிக்கொண்டேன். வாடகைப் பியானோக் கடையில் சுமை தூக்கின எனக்கு அந்த வாத்தியத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அதன் எடைதான். சாந்தோம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துப் பியானோவில் அவர் ஒன்பது நாள் பயிற்சி எடுத்தார், நானும் கூடப் போய் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். கடலுக்குப் போய்த் திரும்பாத தம்பி ரொனால்டுக்காக மூன்று வருஷமாக எழுதிய பாட்டு, முதல் முதலாக இங்கேதான் வாசிக்கப் போகிறார் என்று குருபிரசாத் சார் கேட்டுச் சொன்னார். மைப்பேனாவால் எழுதிய இருபது தாள், வேறு பிரதி இல்லை. படம் எடுத்து வையுங்கள் என்று நீ சொல்லியும் அவர் கேட்கவில்லையாம். கேட்டதும் எனக்குக் கொஞ்சம் நிம்மதி, தப்பில் ஒரு பங்கு அவருக்கும் உண்டு.

கச்சேரி சரஸ்வதி பூஜை அன்று சாயங்காலம், அடையாற்றில். காலையில் அம்மா பூஜைக்குப் புத்தகம் கேட்டாள். படித்தவன் பாடப்புத்தகம் எது கரண்டு பில் எது என்று பிரிப்பான், எனக்கு எழுத்து இருந்தால் எல்லாம் சரஸ்வதிதான். உன் பழைய நோட்டு, ரேஷன் கார்டு, எல்லாவற்றோடும் கரோல் அம்மாவின் தாள்களையும் வைத்தேன். விருந்தாளி ஆயிற்றே என்று அவருக்கு மட்டும் தாராளமாக, தாளுக்குத் தாள் பன்னீரில் குழைத்த சந்தனம் வைத்து, எல்லாவற்றையும் துணி போட்டு மூடினேன். நாலு மணிக்கு அவர் பையைத் துழாவினார். நான் சாமி அலமாரிப் பக்கம் நகர்ந்ததுமே அம்மா, "இன்னாய்யா பண்ணிக்கினு கீற? மறுபூஜை ஆவாம அதுல கை வச்சே, தெரியும் சேதி" என்றாள். குருபிரசாத் சார் விளக்கியதும் கரோல் அம்மா அலமாரியைப் பார்த்துவிட்டு, சாமி படிக்கட்டும், நான் மனசிலிருந்து வாசிக்கிறேன் என்றாராம். எழுபத்து நாலு வயது மனசு.

செல்போனையெல்லாம் அணைக்கச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தார்கள். நன்றாகத்தான் போனது. பாதி தாண்டியதும் கை நின்றது. ஒரு மூச்சு, இரண்டு மூச்சு, கை எழும்பவே இல்லை. மேடை ஓரத்தில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். அவர் மறந்தாலும் எனக்கு மறக்கவில்லை. எங்கள் கல்யாணத்தில் யார் யார் சோற்றில் உப்பில்லை என்றார்கள் என்பது வரை நினைவில் வைத்திருக்கிற மண்டை இது. வாயைத் திறந்து பாடிவிட்டேன். என் குரல் உனக்குத் தெரியும், சிறு வயதில் உன்னைத் தூங்கவைக்கப் பாடி மூன்று வீட்டுப் பிள்ளைகளை எழுப்பியவன். பின்னாலிருந்து ஒருத்தன், "யோவ் பெருசு, வாயை மூடு" என்றான். மூடவில்லை. ஒன்பது நாளும் கேட்ட மாதிரியே, நாலு சுரம் ஏறி, அங்கே நின்று, நாக்கால் 'ச்ச்' கொட்டி, அதே நாலு சுரத்தை மறுபடி பாடினேன். பாட்டே அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். அது அவர் தினமும் அந்த இடத்தில் தடுக்கியதாம், எனக்கு யார் சொன்னார்கள்? கரோல் அம்மா திரும்பிப் பார்த்தார், தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு வாசித்தார், நின்றார், 'ச்ச்' என்றார், மறுபடி அந்த நாலையும் வாசித்து முடிவு வரை போய்விட்டார்.

மறுநாள் மறுபூஜை முடித்துத் துணியை விலக்கினோம். மை முழுக்கக் கரைந்து இருபது தாளும் மஞ்சளும் நீலமுமாக இருந்தது. அவர் அழவில்லை, நான்தான் அழுதேன், அம்மா என்னைத் திட்டினாள், பிறகு அவளும் அழுதாள். அதற்கப்புறம் நாலு நாள் அதே பள்ளிக்கூடத்தில் அவர் வாசிக்க வாசிக்க எழுதினார், தடுமாறின இடத்தில் நான் பாடிக் காட்டினேன், வாட்ச்மேன் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அந்தத் தடுக்கும் இடம் வந்தபோது குருபிரசாத் சாரை அழைத்து ஒன்று சொல்லச் சொன்னார். ரொனால்டு படகு ஏறின காலையில் இவர் ஜன்னல் ஓரம் வாசித்துக்கொண்டிருந்தாராம், அவன் கரையிலிருந்து கூப்பிட்டானாம், இவர் நிறுத்தாமல் கையை மட்டும் ஆட்டினாராம். பாட்டில் அந்த இடம் வந்தாலே அவன் கூப்பிட்டது கேட்டுக் கை நின்றுவிடுமாம், நிற்காமல் தாண்டிவிட வேண்டும் என்று மூன்று வருஷம் போராடினாராம், இப்போது நிற்பதையே எழுதிவிட்டார்.

ஆகவே இனி என்னைத் திட்டுவதும் விடுவதும் உன் இஷ்டம். தாள்கள் வந்ததும் முதல் வேலையாக இரண்டு பிரதி எடு, ஒன்று உன் பெட்டியில் இருக்கட்டும். நைட் டூட்டியைக் குறை, நேரத்துக்குச் சாப்பிடு. வீட்டில் அவர் உனக்கு அந்தப் பாட்டை வாசித்துக் காட்டுவார், பாதியில் நிற்பார். எவ்வளவு நேரமானாலும் சும்மா இரு, உன் அப்பனைப் போல உதவிக்குப் போகாதே, அவரே தொடர்வார்.

நீ தொட்டதெல்லாம் துலங்க வேண்டும், உன் வயிறும் மனசும் நிறைந்திருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் வாழ்த்துகிறோம்.

உன் அப்பா,
துரைராஜ்
(இடது கைப் பெருவிரல் ரேகை)